பருவம் யாருடையது?

'பருவம்' என்னும் ஒரே சொல்லால் தமிழர்களாகிய நாம் மூன்றைக் குறிக்கிறோம். காரும் கூதிரும் பனியும் வேனிலும் ஆண்டின் பருவங்கள். மழலையும் இளமையும் முதுமையும் வாழ்வின் பருவங்கள். மூன்றாவது பொருள் அண்மைக் காலத்தது. 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழகப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தது முதல் பாடநூலின் ஒரு பகுதிக்கும் பருவம் என்றே பெயர் வழங்குகிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீளும் மூன்றாம் பருவத்தில் இம்மூன்றும் ஒரு சிறிய தொடக்கப் பள்ளியின் முற்றத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆண்டின் பருவம் பனியிலிருந்து வேனிலுக்குத் திரும்புகிறது. ஆறு வயதுக் குழந்தை ஏழாம் வயதை நோக்கி, தனக்கே உரிய நடையில் நகர்கிறது. பாடநூலின் பருவமோ முழு ஆண்டுத் தேர்வை நோக்கி விரைகிறது. அந்நாள்கள் யாருக்கு உரியவை? தேர்வுக்கா, பெற்றோருக்கா, ஆசிரியருக்கா, அன்றி அக்குழந்தைக்கா? கால அட்டவணை பற்றிய கேள்வியாக மட்டும் இதைக் கருதிவிட இயலாது. தன் நாள்கள் எவ்வாறு செலவிடப்படுகின்றன என்று கேட்க இயலாத ஒருவருடைய நாள்களைப் பற்றிய கேள்வி இது. ஆகவே இது அறத்தைச் சார்ந்த கேள்வி.

கடற்கரையின் வேனில்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்தது பெரிய முதலியார்சாவடி. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். கிழக்கே கடல், மேற்கே செம்மண் மேடு. அச்சாலையிலேயே வடக்கு நோக்கிச் சென்று மரக்காணத்தை நெருங்கும்போது, மழைக்காலம் முழுவதும் நீர் தேங்கிக் கிடந்த உப்பளங்கள் தை பிறந்ததும் மெல்ல உருப்பெறுவதைக் காணலாம். வரப்பு கட்டுவர், பாத்தியின் தரையை மிதித்து இறுக்குவர், உவர்நீரைப் பாய்ச்சுவர். மாசியிலும் பங்குனியிலும் வெண்மை படரத் தொடங்கும்.

இலக்கண நூலார் இளவேனில் என்று வகுத்தது சித்திரையையும் வைகாசியையும். அவ்விரு திங்கள்களில் நம் பள்ளிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். ஆதலால் மேலை நாட்டுப் பாடநூல்கள் சொல்லும் வசந்தம் நம் பள்ளிக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. பனி உருகி மலர் விரியும் காட்சி இங்கில்லை. மாசியில் மாமரம் பிஞ்சு விடுவதும், முந்திரி பூத்துக் காய்ப்பதும், பங்குனியில் வேம்பு பூத்து முற்றமெங்கும் உதிர்வதும், புங்கமரம் ஒரே வாரத்தில் பழைய இலையை உதிர்த்துப் புதுத்தளிர் போர்த்துக்கொள்வதும் நம் வசந்தம். கடலும் இதற்கு விலக்கன்று. இக்கரைகளில் மணலில் முட்டையிட வரும் சிற்றாமைக்கு நம் மீனவர் வைத்த பெயரே 'பங்குனி ஆமை' என்பது. மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கு வந்திறங்கிய வெளிநாட்டுப் பறவைகள் வெயில் ஏற ஏறக் கூட்டம் கூட்டமாய்த் திரும்புவதும் இப்பருவத்தில்தான்.

இது நம் தவக்காலமும் ஆகும். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லெண்ட்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் வசந்த காலத்தையே குறித்தது என்பர் சொல்லாராய்ச்சி அறிந்தோர். பகற்பொழுது நீளும் காலம் என்பது அதன் வேர்ப்பொருள். வெளிச்சம் கூடும் நாள்களில் நாம் நம்மைக் குறைத்துக்கொள்ளக் கற்கிறோம். குழந்தைக்காகவும் மூத்தோர் தம்மைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டுமோ என்னும் ஐயம் இங்கே முளைக்கிறது.

அவசரத்தின் நியாயம்

முதலில் மறுதரப்பின் நியாயத்தை முழுமையாகக் கேட்டல் நேர்மை. இக்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின, பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய ஆண்டுகளில் இரண்டாம் பருவத்தின் இழப்பை மூன்றாம் பருவம் சுமக்க நேர்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் விதிக்கிறது. அதே சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் இருவரே பகிர்ந்து நடத்தும் பள்ளியில் மார்ச்சு மாதம் எவ்வளவு குறுகியது என்பதை ஆசிரியரே அறிவர். வெயிலின் கடுமை காரணமாகத் தேர்வுகளே முன்னதாக நடத்தப்படும் ஆண்டுகளில் அது மேலும் குறுகிவிடுகிறது.

பெற்றோரின் நியாயம் இதனினும் ஆழமானது. உப்பளத் தொழிலாளி பொழுது புலருமுன் வேலைக்குச் செல்கிறார். உப்பில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் பழுதாக்குகிறது. உவர்நீர் காலை வெடிக்கச் செய்கிறது. மழைக்காலத்தில் அந்த வேலையும் இல்லை. இந்நிலையைக் கருதியே 2022இல் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. இத்தகைய வீட்டிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், 'என் மகள் என்னைப் போல் வெயிலில் நிற்கக் கூடாது' என்று எண்ணுவாளேயானால், அவ்வெண்ணத்தில் பேராசை ஏதுமில்லை. வேப்பம்பூவைப் பார்த்து மகிழ்வதற்காக அவள் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எழுத்தும் எண்ணும் கற்க அனுப்புகிறாள். அவற்றைக் கொடாமல் விளையாட்டை மட்டும் கொடுத்து அனுப்பும் பள்ளி அவளை ஏமாற்றுகிறது என்றே சொல்ல வேண்டும்.

தம் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே வாசிக்கப் பழகிவிட்ட வீடுகளிலிருந்து, 'குழந்தைகளை விளையாட விடுங்கள்' என்று ஏழைகளுக்கு அறிவுரை கூறுவது எளிது. அவ்வறிவுரையில் ஒரு பாதுகாப்பான செருக்கு ஒளிந்திருக்கலாம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளன்றே மீண்டும் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள் அவற்றுக்குள் குழந்தையின் குரல் கேட்கவில்லை. கற்ற எழுத்தையும் மறந்த பிள்ளைகளுக்காக 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் வகுக்கப்பட்டு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாலை வேளைகளில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். அவ்வவசரம் தேவையான அவசரம். அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

நாளைக்காக இன்று

எனினும் இந்நியாயத்தின் அடியில் ஓர் எண்ணம் படிந்துள்ளது. குழந்தையின் இன்று, நாளைக்கான முதலீடு மட்டுமே என்பது அது. ஒன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்புக்காக; தொடக்கப் பள்ளி உயர்நிலைப் பள்ளிக்காக; அது கல்லூரிக்காக; கல்லூரி வேலைக்காக. இச்சங்கிலியில் எந்தக் கண்ணியும் தனக்காக இல்லை. இவ்வெண்ணம் உண்மையானால் அதன் முடிவு என்ன என்பதைத் தயங்காமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டைத் தமிழகம் மறக்க இயலாது. அவ்வாண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டு சென்றது. டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இக்கடற்கரை நெடுகிலும் குழந்தைகளை வாரிச் சென்றது. அப்பிள்ளைகளுக்கு நாளை வரவேயில்லை. குழந்தைப் பருவத்தின் மதிப்பு முழுவதும் பின்வரும் ஆண்டுகளிலேயே உள்ளதென்றால், அவர்களுடைய ஆறு, ஏழு, எட்டு ஆண்டுகள் வீணானவை என்று நாம் சொல்ல வேண்டிவரும். அவர்களைப் பெற்ற தாயொருத்தியின் முன் நின்று அச்சொல்லைச் சொல்ல எவர் நாவும் எழாது. ஏன் எழாது? அந்த ஆண்டுகள் முழுமையான ஆண்டுகள் என்பதை நம் நெஞ்சம் அறியும். அவர்கள் பாடிய பாட்டும், சேர்த்த சிப்பியும், தோழியோடு இட்ட சண்டையும் எதற்கும் முன்னுரையாக நின்றவை அல்ல. அதுவே அவர்களுடைய வாழ்வு.

இறந்த குழந்தைகளைப் பற்றி உண்மையானது இருக்கின்ற குழந்தைகளைப் பற்றியும் உண்மையே. நாளைக்காக இன்றைத் துறத்தல் உயர்ந்த செயலே. ஆயின் தன் இன்றைத் துறப்பவனுக்கே தியாகி என்னும் பெயர் தகும். பிறருடைய இன்றை எடுத்து அவருடைய நாளையில் இடுபவர், அதை எவ்வளவு அன்போடு செய்தாலும், தமக்கு உரிமையில்லாத ஒன்றைக் கையாளுகிறார் என்பதை உணர்ந்தாக வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் அதைக் கையாள வேண்டியே வரும், வேறு வழியில்லை. ஆனால் உரிமையாளராக அன்று. பிறர் பொருளைக் காத்து நிற்கும் பொறுப்பாளராகக் கையாள வேண்டும்.

'சாவடி' என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். பள்ளியும் ஒரு சாவடிதான். ஐந்து ஆண்டு தங்கிக் குழந்தை அப்பால் செல்கிறது. ஆனால் நம் முன்னோர் சாவடி கட்டியபோது, 'இவன் நாளை போய்விடுபவன்தானே' என்று நிழலும் நீரும் வைக்காமல் விட்டதில்லை. அங்குத் தங்கும் ஓரிரவும் மனிதனின் இரவு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பிள்ளைத்தமிழ் கற்பிப்பது

இவ்வுண்மைக்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை நம்முடையது. ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் மீது பாடியது முதல் எண்ணற்ற புலவர்கள் இவ்வகையைக் கையாண்டுள்ளனர். அருள் செல்லத்துரை இயேசு பெருமானைக் குழந்தையாக வைத்து 'இயேசுபிரான் பிள்ளைத்தமிழ்' இயற்றி 1985இல் வெளியிட்டார். இவ்வகை குழந்தைமையைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. தலையெடுத்து முகமசைக்கும் செங்கீரை ஒரு பருவம்; இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி ஒரு பருவம்; தளர்நடையிட்டு வரும் வருகை ஒரு பருவம்; நிலவை விளையாட அழைக்கும் அம்புலி ஒரு பருவம்.

ஒவ்வொரு பருவத்துக்கும் சம அளவில் பாடல்கள் அமைகின்றன என்பது இவ்விலக்கியத்தில் நம் கருத்தை ஈர்க்கிறது. சப்பாணி கொட்டும் குழந்தையைப் பார்த்து 'இன்னும் நடக்கவில்லையே' என்று எப்புலவரும் ஏங்குவதில்லை. சிறுதேர் உருட்டும் பருவம் இறுதியில் வருவதால் அதுவே குறிக்கோள் என்றும் அவர் பாடுவதில்லை. வருவது வரும், வந்துள்ளது முழுமையானது. இந்த மனப்பான்மை நம் மொழியின் உடைமை. அதை நாம் தாலாட்டோடு நிறுத்திக்கொண்டு, பள்ளி வாசலில் குழந்தையிடமிருந்து பறித்துவிடுகிறோம் போலும்.

வெளியிலிருந்து வந்து இதை நமக்கு நினைவூட்டியவர்களும் உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரிய மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் நாடு திரும்ப இயலாமல் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அங்குச் செடியோடும் பூச்சியோடும் கல்லோடும் குழந்தைகள் கொண்ட உறவை அருகிருந்து கவனித்தது அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு வித்தாயிற்று. குழந்தைக்குக் கற்பிக்குமுன் குழந்தையைக் கவனி என்பது அவர் முறையின் சாரம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷிவேலியின் அனுபவத்திலிருந்து ஊக்கம் பெற்றது. ஆசிரியர் பாயில் அமர்ந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை தாழ்ந்தது. அத்தாழ்ந்த கரும்பலகை ஒரு பெரிய அறத்தின் சிறிய அடையாளம் எனலாம்.

உப்பு ஒரு பாடமானால்

இவ்வளவும் ஏற்றுக்கொண்டாலும், 'அப்படியானால் பாடம் எப்போது?' என்னும் கேள்வி நிற்கிறது. குழந்தையின் இன்றும் நாளையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணும்வரைதான் இக்கேள்வி கடினமானது. மூன்றாம் பருவத்தில் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் செய்யத்தக்க எளிய செயலை எண்ணிப் பார்ப்போம்.

ஓர் அகன்ற தட்டில் அளந்து ஒரு லிட்டர் கடல்நீரை ஊற்றி வெயிலில் வைக்கின்றனர். நாள்தோறும் குழந்தைகள் அதைப் பார்க்கின்றனர். ஒன்றாம் வகுப்பு உப்பு, உவர், உவர்ப்பு, உப்பளம், உப்பங்கழி என்று சொற்களை ஒலித்து எழுதுகிறது. மூன்றாம் வகுப்பு நீரின் ஆழத்தை அளவுகோலால் நாள்தோறும் அளந்து குறிக்கிறது. ஐந்தாம் வகுப்பு, ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று கேட்டு, பத்து லிட்டருக்கும் நூறு லிட்டருக்கும் கணக்கிடுகிறது. பின்னர்த் தட்டில் எஞ்சியதைத் தராசில் இட்டு, கணக்கும் காட்சியும் எவ்வளவு நெருங்குகின்றன என்று காண்கிறது. காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்ததும், இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் 1930 ஏப்ரலில் நிகழ்ந்தவை. அது ஏன் வேனிலில் நிகழ்ந்தது என்று கேட்டால், உப்பு விளையும் காலம் அது என்று விடை கூறும் குழந்தைகள் இக்கரையில் இருப்பர்.

இங்கே எழுத்து விடுபட்டதா? எண் விடுபட்டதா? வரலாறு விடுபட்டதா? எதுவும் விடுபடவில்லை. எழுத்துக்கு ஒரு பொருள் கிடைத்தது. எண்ணுக்கு ஓர் எடை கிடைத்தது. தன் தந்தை வெறும் கூலியாள் அல்லர், ஒரு நுட்பம் அறிந்தவர் என்பதும் ஒரு குழந்தைக்குத் தெரியவந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு செயல் வழியாகவும் தேடிக் கண்டறிதல் வழியாகவும் கற்றலை, அச்சமின்றிக் கற்றலை, வலியுறுத்துகிறது. ஆக, இது சட்டமே கேட்கும் கல்வி. ஆசிரியரின் தனி விருப்பம் என்று ஒதுக்கத்தக்கதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 1953இல் சென்னை மாநிலத்தில், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும் என்னும் திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பின் உள்ளீடு நமக்கு என்றும் பாடமாக வேண்டும். குழந்தை உப்பை அறிய வேண்டும் என்பது ஒன்று. உப்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது முற்றிலும் வேறு. முதலாவது குழந்தையின் உலகை விரிக்கிறது. இரண்டாவது அதை அடைக்கிறது. மேலே கூறிய பாடம் உப்பளத்துக் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. புதுச்சேரி நகரத்து மருத்துவரின் மகனும் அதே தட்டின் முன் அமரும்போதுதான் அது முழுப்பாடமாகும்.

அரும்பும் மொட்டும் மலரும்

நல்ல கருத்துகள் சடங்காக மாறும் தீமையையும் நாம் மறைக்க இயலாது. செயல்பாடு என்னும் பெயரால் தாள் ஒட்டுதலும் படம் வெட்டுதலும் பெருகிவிட்டன. பிள்ளைக்குச் 'சார்ட்' செய்யச் சொன்னால் தாய் இரவு விழித்துச் செய்கிறாள். வசதியுள்ளவர் கடையில் வாங்கி விடுகிறார். ஆசிரியரோ செயலை நடத்துவதைவிட அது நடந்ததாகப் பதிவேட்டிலும் கைப்பேசியிலும் காட்டுவதில் களைத்துப் போகிறார். குழந்தை தொட்டுச் செய்யாத செயல்பாடும், புரியாமல் ஒப்பித்த பாடமும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். இரண்டிலும் குழந்தை பிறருக்காக நடிக்கிறது.

பெயர்களும் அவ்வாறே மாறிவிடக்கூடும். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தையின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டனர். பிள்ளைத்தமிழின் உணர்வு மீண்டும் தளிர்த்தாற்போன்ற அழகிய பெயர்கள். அரும்பு என்பது தோற்றுப்போன மலர் அன்று. அரும்புவதற்குரிய நேரத்தில் அது முழுமையானது. ஆனால் 'இவன் இன்னும் அரும்பில்தான் இருக்கிறான்' என்று வகுப்பறையில் ஒரு குரல் இகழ்ச்சியாக ஒலிக்குமானால், அந்நொடியே அச்சொல் மதிப்பெண்ணாகிவிடும். பெயரை மாற்றுவது எளிது. பார்வையை மாற்றுவது அரிது.

2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று பெற்றோரும் ஆசிரியரும் பலவாறு குரலெழுப்பினர். 2020 பிப்ரவரி 4 அன்று அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த ஐந்து மாதங்கள் நம் சமுதாயம் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட மாதங்கள். ஆனால் பொதுத்தேர்வு வேண்டாம் என்ற அதே வீடுகளில், ஆறு வயதுப் பிள்ளைக்கு மாலைத் தனிப்பயிற்சி தொடர்ந்து நடந்திருக்கக்கூடும். அரசின் அவசரம் நமக்குத் தெரிகிறது. நம் அவசரம் நமக்குத் தெரிவதில்லை.

யாருடைய அவசரம்?

ஆகவே ஓர் அளவுகோல் தேவை. 'விரைவா, நிதானமா?' என்று கேட்பதால் பயனில்லை. 'இவ்வவசரம் யாருடையது?' என்று கேட்பதே அவ்வளவுகோலாகும். வாசிக்கத் தெரியாமல் எட்டு வயதை எட்டும் குழந்தை தானே வெட்கி ஒதுங்குகிறது. அக்குழந்தைக்காக விரைவது அதன் தேவை; அவ்விரைவை மறுப்பவர் அதற்கு அநீதி செய்கிறார். ஆனால் நன்கு வாசிக்கும் குழந்தையை, அண்டை வீட்டுப் பிள்ளையை முந்த வேண்டும் என்பதற்காக விரட்டுவது நம் அவசரம். பள்ளியின் பெயருக்காக விரட்டுவது நிர்வாகத்தின் அவசரம். குழந்தைக்குரிய அவசரத்தில் அதன் முகம் மலர்கிறது. பிறருடைய அவசரத்தில் அது வாடுகிறது. இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. முகத்தைப் பார்க்கும் பொறுமை போதும்.

உப்பளத்தார் இப்பொறுமையை அறிவர். உவர்நீரின் அடர்த்தி போமே அளவில் 25 பாகையை எட்டிய பின்னரே உப்பு படியத் தொடங்கும். அதற்குமுன் எவ்வளவு வாரினும் பயனில்லை. 29, 30 பாகையைக் கடக்க விட்டாலோ மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறிவிடும். முந்துவதும் பிழை, பிந்துவதும் பிழை. ஆனால் இவ்வுவமையை ஓரளவுக்கே ஏற்கலாம். உப்பு விலைக்குப் போவது, குழந்தை விலைக்கன்று. உப்பளத்தார் விளைச்சலுக்காகக் காத்திருக்கின்றனர். குழந்தைக்காகக் காத்திருப்பவருக்குக் காத்திருந்த நாள்களும் விளைச்சலே.

கடலுக்கு நாம் இதைச் செய்து காட்டியிருக்கிறோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சுகள் வளர அந்நாள்கள் விடப்படுகின்றன. வளர்ந்தவர் தம் கையைக் கட்டிக்கொள்ளும் பருவம் அது. மீன்குஞ்சுக்காகப் படகை நிறுத்தத் தெரிந்த சமுதாயம், தன் குஞ்சுக்காக மே மாதத்தில் தனிப்பயிற்சியை நிறுத்தத் தெரியாமல் நிற்பது விந்தையே.

நாம் செய்யக்கூடியவை

பெரிய சீர்திருத்தங்களை அரசும் அறிஞரும் செய்யட்டும். நம் வீட்டிலும் பங்கிலும் செய்யத்தக்கவை சில உண்டு. ஏப்ரலில் பள்ளி முடிந்து வரும் பிள்ளையிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்பதற்கு முன் 'இவ்வாண்டு எதைக் கண்டு வியந்தாய்?' என்று கேட்கலாம். விடை வரச் சில நாள்கள் ஆகலாம், காத்திருக்கலாம். பங்குகள் நடத்தும் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்காகப் பல வாரங்கள் ஒத்திகை நடத்துவதைக் குறைத்து, அவ்வாரங்களில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கொடுக்கலாம். வாசிக்கத் தடுமாறும் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் அரைமணி நேரம் கொடுக்க நம்மில் படித்தவர் எவருக்கும் இயலும். முதலியார்குப்பத்தில் தொடங்கிய அத்திட்டம் தன்னார்வலரை நம்பியே எழுந்தது என்பதை எண்ணினால், அது நம் கடமையாகவும் தோன்றும்.

மற்றொன்றும் உண்டு. பிள்ளைகள் குறைந்ததால் சிறிய தொடக்கப் பள்ளிகள் மூடப்படும் செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். மூடும் கையைக் குறைகூறுவதற்கு முன், அப்பள்ளியிலிருந்து நம் பிள்ளைகளை எடுத்துக்கொண்ட கை எது என்று பார்ப்பது தகும். 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவும் கிடைக்கிறது. பொழுது புலருமுன் உப்பளம் செல்லும் தாயின் பிள்ளை பசியோடு வகுப்பில் அமரும் நிலை இதனால் மாறியுள்ளது. நடந்தே எட்டும் தூரத்தில் உள்ள பள்ளியும், பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரும், முற்றத்தில் ஒரு வேம்பும் எளிய செல்வங்கள் அல்ல. அவற்றை இழந்தபின் எந்தப் பேருந்தும் ஈடு செய்யாது.

இவ்வாண்டும் பங்குனி வரும். வேம்பு பூக்கும்; ஆமை கரையேறும்; உப்பு விளையும்; தேர்வும் வரும். இவற்றுள் எதுவும் மற்றொன்றைத் தடுப்பதில்லை. தடுப்பவர் நாம், வழிவிடக் கூடியவரும் நாமே. பருவம் குழந்தையுடையது. அதைக் கெடாமல் காத்து, உரிய நேரத்தில் உரியவர் கையில் சேர்ப்பதே நமக்கு விதிக்கப்பட்ட பணி.